துளைக்கு முன் பிடி: காந்தப் பிடித் துளைப்பொறியைத் தேர்ந்தெடுக்கும் அறிவும் அதற்குரிய தமிழும்

காந்தத்திற்கு மலாய் மொழியில் ‘பெசி பெரானி’ என்று பெயர். ‘பெசி’ என்பது இரும்பு. ‘பெரானி’ என்பது துணிவு. துணிவுள்ள இரும்பு என்பதே அத்தொடரின் பொருள். சீன மொழியின் பழைய வழக்கில் காந்தக்கல் அன்புடைய கல் எனப்பட்டது. தமிழில் நாம் வழங்கும் ‘காந்தம்’ என்னும் சொல், வடமொழியின் ‘அயஸ்காந்தம்’ என்பதன் பிற்பகுதியாகும். இரும்பால் விரும்பப்படுவது என்பது அதன் பொருள். ஒரே பொருளை ஒரு மொழி துணிவாகவும், மற்றொன்று அன்பாகவும், வேறொன்று விருப்பமாகவும் கண்டிருக்கிறது. பெயரிட்டவர் அப்பொருளில் எதை முதலில் கண்டார் என்பதைப் பெயர் காட்டுகிறது. அதனோடு, அப்பெயரைக் கேட்பவர் எதை முதலில் காணவேண்டும் என்பதையும் அது பழக்கிவிடுகிறது.

இவ்வுரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு தொழிற்கருவி. பட்டறைகளில் ‘மேக்னெட்டிக் டிரில்’ என்றும், சுருக்கமாக ‘மேக் டிரில்’ என்றும் வழங்கும் பொறி அது. இரும்பில் துளையிடும் பொறியோடு மொழியியலார்க்கு என்ன தொடர்பு என்னும் வினா எழலாம். தொடர்பு உண்டு. இப்பொறியைத் தேர்ந்தெடுப்போர் செய்யும் பிழைகளுள் பல, அதன் பெயரையும் அதன்மேல் எழுதப்பட்ட எண்களையும் பொருள் உணராது படிப்பதால் விளைபவை. அப்பிழைக்கு விலை பணம் மட்டுமன்று. பன்னிரண்டு கிலோ எடையுள்ள பொறி தலைக்கு மேலிருந்து விழுந்தால் என்னவாகும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

இடமும் தேவையும்

ஹுத்தான் மெலிந்தாங் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், பெர்ணாம் ஆற்றின் கரையில் அமைந்த ஊர். ஆற்றின் அக்கரை சிலாங்கூர் மாநிலம். ‘ஹுத்தான்’ என்பது காடு. ‘மெலிந்தாங்’ என்பது குறுக்காகக் கிடப்பது. குறுக்கே கிடந்த காடு இன்று மீனவர் குடியிருப்புகளும் தென்னையும் செம்பனையும் சூழ்ந்த நிலமாகிவிட்டது. அண்மையிலுள்ள ஜெண்டராட்டா தோட்டம், டென்மார்க் நாட்டுப் பொறியாளராகிய ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் என்பவரால் 1906ஆம் ஆண்டில் இரப்பர் நிறுவனமாகத் தொடங்கப்பெற்றது. பின்னர் இரப்பர் இருந்த இடத்தைச் செம்பனை பெரும்பாலும் கொண்டது. இவ்வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு இவ்விரு பயிர்களின் வரலாறே.

இம்மாற்றம் தொழிலாளர் கையிலிருந்த கருவிகளையும் மாற்றியது. பால்மரம் வெட்டுவதற்குக் கத்தியும் கோப்பையும் வாளியும் போதுமாயிருந்தன. செம்பனைக்கோ ஆலை வேண்டும். குலைகளை ஆவியில் வேகவைக்கும் கலன், பழத்தைப் பிழியும் பொறி, கொதிகலன், பழத்தையும் நாரையும் ஏற்றிச்செல்லும் நகர்த்திகள், இவை அனைத்தையும் தாங்கும் எஃகுச் சட்டங்கள் என ஆலை முழுவதும் எஃகால் ஆனது. எஃகு தேய்கிறது, துருப்பிடிக்கிறது, இடம் மாற்றப்படுகிறது. ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு சட்டத்தில் புதிய துளை இடவேண்டியிருக்கிறது.

எஃகில் துளையிடுதல் பேராக்கிற்குப் புதிதன்று. காராயில் பேராக் ஆற்றின் குறுக்கே நிற்கும் விக்டோரியா பாலம் 1900ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. தஞ்சோங் துவாலாங் சாலையோரத்தில் இன்று காட்சிப்பொருளாக நிற்கும் ஈயக் கப்பல் 1938ஆம் ஆண்டில் உருவானது. அதன் எடை சுமார் 4,500 டன். அத்தகைய பெருங்கட்டுமானங்களுக்குரிய எஃகுத் துண்டுகளைப் பட்டறைக்குள் நிலையான பொறியின்கீழ் வைத்துத் துளையிட்டுப் பின்னர் களத்தில் பொருத்துவதே முறை. எஃகு பொறியைத் தேடிச் சென்றது. ஆனால் நிறுவி முடித்த ஆலையில் ஒரு தூணைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோக இயலாது. அங்குப் பொறிதான் எஃகைத் தேடி வரவேண்டும். காந்தப் பிடி கொண்ட துளைப்பொறி இத்தேவையால் பிறந்தது.

பொறியின் அமைப்பு

இப்பொறியில் இரு பகுதிகள் உள்ளன. கீழே மின்காந்தப் பீடம். மேலே மின்னோடியும் துளைக்கும் அலகும். பீடத்தை எஃகின்மேல் வைத்து விசையை அழுத்தினால் மின்னோட்டம் சுருளில் பாய்ந்து பீடம் காந்தமாகிறது. பொறி எஃகோடு ஒட்டிக்கொள்கிறது. பின்னர் மின்னோடியை இயக்கிக் கைப்பிடியைச் சுழற்றினால் அலகு மெல்ல இறங்கித் துளையிடுகிறது. பணி முடிந்ததும் காந்தத்தை அணைத்துப் பொறியை எடுத்துவிடலாம்.

இதன் அடிப்படை அறிவியல் பழையது. மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்பதை 1820இல் கோப்பன்ஹேகனில் ஆர்ஸ்டெட் கண்டார். 1825இல் இங்கிலாந்தின் ஸ்டர்ஜியன் மின்காந்தத்தைச் செய்து காட்டினார். 1895இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் கையால் ஏந்தும் மின்துளைப்பொறியை உருவாக்கியது. இவ்விரு நெறிகளும் ஒன்றுசேர்ந்ததே நாம் பேசும் பொறி. ஆதலால் இதனை வாங்குவோர் உண்மையில் இரண்டு கருவிகளை வாங்குகின்றனர்: ஒன்று பிடிக்கும் கருவி, மற்றொன்று துளைக்கும் கருவி. இவ்விரண்டையும் தனித்தனியே மதிப்பிடவேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்து. அவற்றுள்ளும் பிடியே முதலாவது.

பெயரில் தொடங்கும் தெளிவு

‘காந்தத் துளைப்பொறி’ என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் என்ன நேரும்? தமிழ்த் தொகைநிலைத் தொடர் பல வகையாய் விரியும். காந்தத்தால் துளைக்கும் பொறி என்றும், காந்தத்தைத் துளைக்கும் பொறி என்றும், காந்தத்தை உடைய துளைப்பொறி என்றும் மாணவர் விரித்துக்கொள்ளலாம். முதல் விரிவு தவறு, காந்தம் துளைப்பதில்லை. இரண்டாவதும் தவறு. மூன்றாவது சரியாயினும் காந்தத்தின் பணி யாதெனச் சொல்லவில்லை. ‘காந்தப் பிடித் துளைப்பொறி’ என்றால் ஐயம் நீங்குகிறது. காந்தம் பிடிக்கிறது, அலகு துளைக்கிறது. ஒரு சொல் கூடியதால் தொடர் நீண்டதென்று வருந்தவேண்டியதில்லை; அச்சொல்லே உயிரைக் காப்பது.

இதனைக் ‘கையடக்கத் துளைப்பொறி’ என எழுதுவாரும் உளர். கையடக்கம் என்பது உள்ளங்கைக்குள் அடங்குவது. அகராதியும் கைப்பேசியும் கையடக்கமாகலாம். பத்து முதல் பதினைந்து கிலோ வரை எடையுள்ள பொறி ஆகாது. ‘எடுத்துச்செல்லத்தக்க’ என்பதே இங்குப் பொருந்தும். எடுத்துச் செல்வது வேறு, கையில் ஏந்தி நிற்பது வேறு. ஏணிமேல் நின்று ஒருவர் தனியே இதனை ஏற்றிப் பொருத்தலாம் என்னும் எண்ணத்தைப் பெயர் தரக்கூடாது.

துளைக்கும் கருவிக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. ‘துரப்பணம்’ என்றும் ‘துறப்பணம்’ என்றும் இருவகை எழுத்திலும் வழங்கும் சொல் உண்டு. இலங்கைத் தமிழர் ‘மின் துறப்பணம்’ என்பர். தச்சர் வழக்கில் ‘தமர்’, ‘தமரூசி’ என்னும் சொற்கள் இருந்தன. மலாயில் ‘கெருடி’ என்பர். எளிமை கருதி ‘துளைப்பொறி’ என்பதையே இங்கு ஆள்கிறோம். பட்டறையில் ‘டிரில்’ என்று சொல்வதால் தமிழுக்குக் கேடில்லை. அச்சொல்லுக்குப் பின்னுள்ள பொருளைத் தமிழில் விளக்கத் தெரியாதிருப்பதே கேடு.

‘கனம்’ என்னும் சொல்லின் இடர்

இன்னொரு சொல்லையும் இங்கு நிறுத்திப் பார்க்கவேண்டும். ‘கனமான தகடு’ என்று பேச்சில் சொல்கிறோம். கனம் என்பது எடையா, தடிமனா? இரண்டையும் அச்சொல் குறிக்கும். அகலமும் நீளமும் உடைய மெல்லிய தகடு எடையில் மிகுந்திருக்கலாம், தடிமனில் குறைந்திருக்கலாம். அதனைத் தூக்கிப் பார்த்த பயிற்சித் தொழிலாளர் ‘நல்ல கனம்’ என்று சொல்ல, மேலே நிற்பவர் அது தடித்த தகடு எனக் கொண்டு பொறியை ஒட்டினால், பிடி தளரும். ஆதலால் இத்துறையில் பேசும்போது எடைக்கு ‘எடை’ என்றும், தகட்டின் அளவிற்குத் ‘தடிமன்’ என்றும் பிரித்து வழங்குவது நலம். சொற்பொருள் இயலில் பல்பொருள் ஒருமொழி என்று நாம் கற்பிக்கும் பாடம் பட்டறையில் இவ்வாறு உயிர்பெறுகிறது.

பிடியை மதிப்பிடுதல்

விளம்பரத் தாளில் காந்தப் பிடிவிசை நியூட்டனிலோ கிலோவிலோ கொடுக்கப்பட்டிருக்கும். ஒரு பொறியின் பிடிவிசை 10,000 நியூட்டன் எனக் கொள்வோம். ஏறத்தாழ 1,000 கிலோ எடையைத் தாங்கும் விசை அது. அவ்வளவு இருக்கையில் என்ன அச்சம் என்று தோன்றும். ஆனால் அவ்வெண் நல்ல சூழ்நிலையில் அளக்கப்பட்டது: தடித்த, தூய, சமதளமான மென்னெஃகுத் தகட்டின்மேல் வைத்து நேராக மேல்நோக்கி இழுத்துக் கண்ட அளவு. களத்தில் அவ்வளவு வாய்ப்பதில்லை. காரணங்கள் நான்கு.

முதலாவது, தடிமன். மின்காந்தத்தின் ஒரு முனையிலிருந்து புறப்படும் காந்தப் பாயம் எஃகின் வழியே சென்று மறுமுனையை அடைகிறது. எஃகு அதற்கு வாய்க்கால் போன்றது. இவ்வட்டாரத் தோட்டங்களில் வடிகால் வாய்க்காலைக் காணாதவர் இல்லை. வாய்க்கால் குறுகினால் அதன் கொள்ளளவிற்கு மேல் நீர் செல்லாது. தகடு மெல்லியதாயின் அதில் செல்லக்கூடிய பாயமும் குறைவே. பிடி அதற்கேற்பக் குறையும். உற்பத்தியாளர் பலர் குறைந்தது 10 முதல் 12 மி.மீ. தடிமனைக் கேட்கின்றனர். மெல்லிய தகட்டிற்கென வடிவமைத்த பொறிகள் சில 6 மி.மீ. வரை பிடிக்கும். தகடு அதனினும் மெல்லியதாயின் பீடம் அமரும் இடத்தின் அடியில் மற்றொரு எஃகுத் தகட்டைச் சேர்த்துத் தடிமனை மிகுவிக்கலாம்.

இரண்டாவது, இடைவெளி. பீடத்திற்கும் எஃகிற்கும் நடுவே வண்ணப்பூச்சோ, துருவோ, உலோகச் சீவலோ இருந்தால் காந்தப் பிடி விரைவாகக் குறையும். கடற்கரையும் ஆற்றுமுகமும் அண்மையிலுள்ள நம் பகுதியில் துரு மிகுதி. துளையிடுமுன் அவ்விடத்தைச் சுரண்டித் துடைப்பது ஐந்து நிமிட வேலை. அதைத் தவிர்ப்பவர் தம் பொறியின் பிடியில் பெரும்பங்கைத் தாமே கைவிடுகிறார். வளைந்த குழாயின்மேல் தட்டையான பீடம் ஒரு கோட்டில் மட்டுமே தொடும். குழாய்க்கென உரிய இணைப்போடு வரும் பொறி வேண்டும்.

மூன்றாவது, உலோகம். ‘இரும்பு’ என்று நாம் பொதுவாகச் சொல்பவை எல்லாம் காந்தத்தால் பிடிக்கப்படுபவை அல்ல. துருப்பிடிக்காத எஃகில் 304, 316 என்னும் எண்ணுடைய வகைகளைக் காந்தம் ஏறத்தாழப் பிடிப்பதே இல்லை, அலுமினியத்தையும் பிடிக்காது. உணவுப் பொருள் ஆலைகளில் துருப்பிடிக்காத எஃகு மிகுதியாதலால் இதனை மறக்கலாகாது. அத்தகைய இடத்தில் வெற்றிடத்தால் ஒட்டும் பீடமோ, இறுக்கியால் பிணைக்கும் முறையோ வேண்டும். மாணவர் வீட்டுச் சமையலறையில் ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு பாத்திரங்களைச் சோதித்தால், சில ஒட்டும், சில ஒட்டா. அதுவே இப்பாடம்.

நான்காவது, விசையின் திசை. நேராகப் பெயர்த்தல், பக்கமாகச் சறுக்கல், ஒரு முனையால் நெம்பல் என விசை மூவகையில் பொறியைத் தாக்கும். விளம்பர எண் முதல்வகையை மட்டும் சொல்கிறது. சறுக்கலைத் தடுப்பது உராய்வு. எண்ணெய் படிந்த எஃகில் அது பிடிவிசையின் ஐந்தில் ஒரு பங்கு அளவிலேயே நிற்கலாம். 10,000 என்பது 2,000 ஆகிவிடுகிறது. செங்குத்துத் தூணில் பொறியை ஒட்டும்போது அதன் எடை முழுவதும் சறுக்கும் விசையாகிறது. நெம்பல் இன்னும் நுட்பமானது. அலகு பீடத்திற்கு முன்னால் நீட்டி நிற்கிறது. கைப்பிடியை வலிந்து அழுத்தும்போது எஃகு அலகை எதிர்த்துத் தள்ளுகிறது. பீடத்தின் முன்முனை தூக்கப்படுகிறது. தகர டப்பியின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்புவது போன்றது அது. முழு மூடியையும் ஒருசேர இழுக்க முடியாத கை, ஓரத்தை எளிதில் நெம்பிவிடும். மழுங்கிய அலகை வலிந்து அழுத்துவோர் தாமே பொறியை நெம்பிக் கழற்றுகின்றனர்.

துளையை மதிப்பிடுதல்

பிடியை அறிந்தபின் துளைக்கு வருவோம். இப்பொறியில் இருவகை அலகுகளைப் பொருத்தலாம். ஒன்று நாம் நெடுங்காலமாக அறிந்த முறுக்கலகு. அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1863இல் காப்புரிமை பெற்ற வடிவின் வழிவந்தது. மற்றொன்று வளைய வெட்டி. பட்டறையில் ‘கோர் கட்டர்’ என்பர். எவரெட் ஹௌகன் என்னும் அமெரிக்கர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதனைப் பரப்பினார்.

இவற்றின் வேறுபாட்டைத் தமிழ் வினைச்சொற்களைக் கொண்டே விளக்கலாம். முறுக்கலகு குடைகிறது; துளைக்குள் இருந்த உலோகம் முழுவதையும் சீவலாக்கி வெளியேற்றுகிறது. அதன் நடுமுனை வெட்டுவதில்லை, அழுத்தி நசுக்குகிறது. ஆதலால் மிகுந்த அழுத்தம் வேண்டும். வளைய வெட்டியோ வட்டமாக அறுக்கிறது. ஓரத்து வளையத்தை மட்டும் சீவலாக்கி, நடுத்துண்டை முழுதாய்ப் பெயர்த்துத் தருகிறது. குடைதலுக்கும் அறுத்தலுக்கும் உள்ள உழைப்பு வேறுபாட்டைக் கணக்கால் காணலாம். 22 மி.மீ. விட்டமுள்ள துளையின் பரப்பு சுமார் 380 சதுர மி.மீ. வெட்டியின் சுவர் 4 மி.மீ. எனக் கொண்டால் நடுத்துண்டின் விட்டம் 14 மி.மீ., பரப்பு சுமார் 154 சதுர மி.மீ. எனவே சீவலாகவேண்டியது 226 சதுர மி.மீ. மட்டுமே; ஐந்தில் மூன்று பங்கு. துளை 36 மி.மீ. ஆனால் அது ஐந்தில் இரண்டு பங்காகக் குறைகிறது. உழைப்புக் குறைந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் நெம்பல் குறையும். இவ்வாறு நல்ல அலகைத் தேர்வதும் பிடியைக் காப்பதாகவே முடிகிறது.

விளம்பரத்தில் ‘35 × 50’ என்பது போன்ற இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது வளைய வெட்டியால் இடக்கூடிய துளையின் உச்ச விட்டம், இரண்டாவது ஆழம். பெரிய எண்ணைக் கண்டு மயங்கவேண்டாம். செய்யவிருக்கும் பணியைக் கொண்டே கணக்கிடவேண்டும். கட்டுமானங்களில் 20 மி.மீ. மரையாணிக்கு வழக்கமாக 22 மி.மீ. துளையும், 24 மி.மீ. மரையாணிக்கு 26 மி.மீ. துளையும் இடுவர். ஆலைப் பராமரிப்பின் பெரும்பகுதி இவ்வளவுகளுக்குள் அடங்குமாயின் 35 மி.மீ. வரை துளைக்கும் சிறிய பொறியே போதும். ஆண்டிற்கு ஒருமுறை வரும் 50 மி.மீ. துளைக்காக ஒவ்வொரு நாளும் இருமடங்கு எடையை மேலே தூக்குவது அறிவுடைமையன்று.

வெட்டியின் காம்பையும் நோக்கவேண்டும். பெரும்பாலான வளைய வெட்டிகளின் காம்பு 19 மி.மீ. விட்டமும் இரு தட்டைப் பக்கங்களும் உடையது. பெரிய வெட்டிகளின் காம்பு சுமார் 32 மி.மீ. கைவசமுள்ள வெட்டிகளின் காம்பு புதிய பொறியில் பொருந்துமா என்று கேளாமல் வாங்கியவர் இரண்டாம் முறை செலவழிக்க நேரும். வெட்டியின் நடுவே செல்லும் வழிகாட்டி ஊசி மூன்று பணிகளைச் செய்கிறது: துளையின் மையத்தைக் காட்டுகிறது, எண்ணெய் இறங்க வழிவிடுகிறது, இறுதியில் நடுத்துண்டை வெளியே தள்ளுகிறது. வெளியேறும் துண்டு சூடானது, விளிம்பு கூரியது. மேல்தளத்தில் துளையிடும்போது கீழே ஆள் நிற்கலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகமும் தேர்வில் அடங்கும். சாதாரண அதிவேக எஃகு வெட்டி மென்னெஃகை நிமிடத்திற்குச் சுமார் 30 மீட்டர் வேகத்தில் அறுக்கலாம். 22 மி.மீ. வெட்டியின் சுற்றளவு 69 மி.மீ.; 30,000ஐ 69ஆல் வகுத்தால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 430 சுற்று. 12 மி.மீ. வெட்டிக்கு 800 சுற்றும், 50 மி.மீ. வெட்டிக்கு 190 சுற்றும் வரும். விட்டம் பெருகப் பெருகச் சுற்று குறையவேண்டும். ஒரே வேகமுள்ள பொறி ஒரே வகைத் துளைக்கு ஏற்றது. பல அளவில் துளையிடுவோர்க்குப் பல்லிணையால் வேகத்தை மாற்றத்தக்க பொறி வேண்டும். மரை வெட்டவேண்டுமாயின் எதிர்த்திசையிலும் சுழலும் வசதி தேவை.

இடம், மின்சாரம், சங்கிலி

துளையிடவேண்டிய இடத்தை அளந்த பின்னரே பொறியின் உயரத்தைத் தேரவேண்டும். இரு விளிம்புகளுக்கு இடையே குறுகிய இடமுள்ள சட்டங்களுக்கெனத் தாழ்ந்த வடிவில் சுமார் 200 மி.மீ. உயரத்திற்குள் அடங்கும் பொறிகள் உண்டு. தலைக்கு மேலும் செங்குத்திலும் பணி செய்யும்போது குப்பியிலிருந்து சொட்டும் எண்ணெய் வெட்டியைச் சென்றடையாது; பசையாகவோ நுரையாகவோ உள்ள வெட்டெண்ணெய் வேண்டும்.

மின்காந்தத்தின் இயல்பான குறை, மின்சாரம் நின்றால் பிடியும் நின்றுவிடுவது. யாரோ ஒருவர் செருகியைப் பிடுங்கினாலும், பணிக்களத்தில் மின்சாரம் தடைப்பட்டாலும் பொறி விழும். ஆதலால் பாதுகாப்புச் சங்கிலியை முதலில் கட்டிப் பின்னரே காந்தத்தை இயக்கவேண்டும். சங்கிலியைக் கூடுதல் உறுப்பாகக் கருதுவோர் உளர். அது பொறியின் ஓர் உறுப்பே. பிடி குறைந்தால் மின்னோடியைத் தானே நிறுத்தும் உணரியும், மின்சாரம் மீண்டபோது தானே சுழலத் தொடங்காத அமைப்பும் உள்ள பொறிக்குச் சற்று மிகுதியாகக் கொடுக்கலாம். மின்சாரம் இல்லாமலே பிடித்திருக்கும் நிலைக்காந்தப் பீடமும் மின்கலத்தால் இயங்கும் மின்னோடியும் கொண்ட பொறிகளும் இப்போது கிடைக்கின்றன. மின்வசதி எட்டாத இடங்களுக்கு அவை ஏற்றவை. ஆயினும் சங்கிலி அவற்றிற்கும் வேண்டும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. ஒரே சட்டத்தில் ஒருபுறம் மின்பற்றவைப்பு நடக்கும்போது மறுபுறம் இப்பொறியை இயக்கலாகாது. பற்றவைப்பு மின்னோட்டம் பொறியின் நில இணைப்புவழித் திரும்பிப் பாய்ந்து ஆபத்து விளைவிக்கும். வேலை நிறுத்த நாளில் பல குழுக்கள் ஒரே ஆலையில் நெருக்கிப் பணி செய்யும்போது இது மறக்கப்படுகிறது.

வினாவின் வரிசை

இதுகாறும் கூறியவற்றை வினாக்களாகத் தொகுத்தால் வாங்குவோர்க்கு வழி தெளிவாகும். எவ்வகை உலோகம்? எவ்வளவு தடிமன்? மேற்பரப்பு எத்தகையது? கிடையா, செங்குத்தா, தலைக்கு மேலா? இவை நான்கும் பிடி பற்றியவை. எவ்வளவு விட்டம்? எவ்வளவு ஆழம்? நாளொன்றுக்கு எத்தனை துளைகள்? இவை மூன்றும் துளை பற்றியவை. பொறியைத் தூக்குபவர் யார், எந்த உயரத்திற்கு? மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இவை இரண்டும் இடம் பற்றியவை. விலை பத்தாவது வினா. கடையில் நடக்கும் பேச்சோ பெரும்பாலும் விட்டத்தில் தொடங்கி நேரே விலைக்குத் தாவுகிறது. பொறியின் பெயரிலும் விளம்பரத்திலும் பிடி பின்னுக்குச் சென்றுவிட்டதே இதற்குக் காரணம்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பெற்றன. 2009இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பெற்றது. இன்று தமிழ்ப்பள்ளி மாணவர் பலர் காந்தத்தையும் விசையையும் தமிழில் கற்கின்றனர். இடைநிலைப்பள்ளியில் அவை பெரும்பாலும் மலாய்க்கு மாறுகின்றன. பட்டறையில் கருவியின் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. மூன்று மொழிகளைக் கடந்து ஓர் அறிவு செல்லவேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் தமிழில் பெற்ற கருத்து உறுதியாக இருந்தால் ‘மேக்னெட்டிக் ஹோல்டிங் ஃபோர்ஸ்’ என்னும் தொடரைக் காணும் இளைஞர் ‘இது பெயர்ப்பு விசை மட்டும், சறுக்கலுக்கு இவ்வளவு நில்லாது’ என்று தமக்குள் சொல்லிக்கொள்வார். கருத்து உறுதியாக இல்லையேல் அத்தொடர் அவருக்கு வெறும் ஒலியே.

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளர்க்குத் தகவலும் அறிவுறுத்தலும் பயிற்சியும் மேற்பார்வையும் அளிப்பதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. அறிவுறுத்தல் என்பது சொல்லப்பட்டவுடன் நிறைவேறிவிடுவதன்று. கேட்டவர்க்கு விளங்கும்போதே நிறைவேறுகிறது. விளங்குதற்குரிய சொற்களை ஆக்கித் தருவது மொழியாசிரியரின் பங்கு. தமிழ் வீட்டிற்கும் கோவிலுக்கும் மேடைக்கும் உரியது, கருவிக்கும் கணக்கிற்கும் வேறு மொழி என்னும் பிரிவினை நம்மிடையே சொல்லாமலே வேரூன்றியிருக்கிறது. அப்பிரிவினையால் தமிழுக்கு நேரும் இழப்பைப் பலரும் பேசியுள்ளனர். அதனால் தொழிலாளர்க்கு நேரும் இழப்பையும் நாம் எண்ணவேண்டும்.

வகுப்பில் செய்யத்தக்க ஒரு பயிற்சியைச் சொல்லி முடிக்கிறோம். ஒரு காந்தமும் சமையல் தாளும் ஓர் எஃகுத் தகடும் போதும். காந்தத்தைத் தகட்டில் ஒட்டி நேராக இழுக்கச் சொல்லுங்கள். பின்னர் பக்கமாகத் தள்ளச் சொல்லுங்கள். பின்னர் ஓரத்தை நகத்தால் நெம்பச் சொல்லுங்கள். அதன்பின் தாளை ஒன்று, இரண்டு, மூன்றாக மடித்து இடையில் வைத்து மீண்டும் செய்யச் சொல்லுங்கள். கண்டதை மாணவர் ‘பெயர்த்தல்’, ‘சறுக்கல்’, ‘நெம்பல்’, ‘இடைவெளி’ என்னும் நான்கு சொற்களைக் கொண்டு எழுதட்டும். அவர்களுள் ஒருவர் பிற்காலத்தில் ஆலை மேடையில் நின்று ஒரு தூணைப் பார்த்து ‘இதன் தடிமன் எவ்வளவு?’ என்று முதலில் கேட்பாராயின், அந்த வகுப்பு தன் பயனைத் தந்துவிட்டது.